பாட்டியின் நாட்குறிப்பும் சூப்பர்மேனின் நிழலும்: ரோஜர் ஷிமோமுராவின் அச்சுக்கலை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1941 டிசம்பர் 12 அன்று சியாட்டில் நகரத்தில் தோக்கு ஷிமோமுரா என்ற அம்மாள் தன் நாட்குறிப்பில் சில வரிகள் எழுதினார். நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன், இன்று முதல் வங்கியிலிருந்து நூறு டாலர் எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது, எதிரிகளாகிவிட்ட நமக்கும் பிழைக்க வழி விட்டிருக்கிறார்கள், அமெரிக்காவுக்குப் பெரிய மனசுதான் என்பது அவற்றின் சாரம். ஹவாயில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு போட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த நூறு டாலர் யாரும் கொடுத்த உதவித்தொகை இல்லை. அவர்கள் சேமித்து வைத்த பணம். ஜப்பானில் பிறந்தவர்களின் கணக்குகளை முடக்கிய அரசு, அதில் கொஞ்சத்தைத் திறந்துவிட்டிருந்தது.

1980-ல் அவருடைய பேரன் ரோஜர் ஷிமோமுரா இந்தக் குறிப்பை ஓவியமாக்கினார். கிமோனோ அணிந்த பெண்ணொருத்தி அறைக்குள் இருக்கிறாள். பழைய ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுகளில் வருவதுபோல நீண்ட முகம், அழுத்தமான கருப்புக் கோடு, ஏற்ற இறக்கம் இல்லாத தட்டை நிறம். அவளுக்குப் பின்னால் காகிதம் ஒட்டிய ஷோஜி தடுப்பு. அந்தத் தடுப்பின் மேல், வெளியே நிற்கும் சூப்பர்மேனின் நிழல் விழுகிறது. படத்தின் தலைப்பு "நாட்குறிப்பு: டிசம்பர் 12, 1941" என்பது மட்டும்தான். இப்போது அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முதலில் பார்க்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் ஒரு சந்தேகம் வரும்: வெளியே நிற்பவன் காவலுக்கு நிற்கிறானா, கண்காணிக்க நிற்கிறானா? பாட்டி எழுதிய நன்றியை ஷிமோமுரா நையாண்டி செய்யவும் இல்லை, அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அந்த "பெரிய மனசு" ஆசாமியைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். இன்னொரு தகவலையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். 1943-ல் செய்தித்தாள்களில் வந்த சூப்பர்மேன் தொடரில், ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்துவைத்த முகாம் ஒன்றுக்கு சூப்பர்மேன் போகிறான். உள்ளே இருப்பவர்களைச் சதிகாரர்களாகக் காட்டியது அந்தக் கதை. முகாம்களை நடத்திய அரசுத் துறையே அதற்கு எதிர்ப்புத் தெரிவித்தது. இதை மனதில் வைத்து வரையப்பட்ட நிழலா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் தெரிந்துகொண்ட பிறகு அந்த நிழல் பழையபடி தெரிவதில்லை.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி இது: ஒரு குடும்பத்தின் நாட்குறிப்பு எப்படி ஒரு சமூகத்தின் பொது நினைவாகிறது, அதில் அச்சுக்கலை செய்யும் வேலை என்ன? ஷிமோமுரா ஓவியர், அச்சுக்கலைஞர், மேடை நிகழ்த்துகலைஞர் என்று பல முகம் உள்ளவர். அவருடைய வேலையின் இலக்கணம் அச்சிலிருந்து வந்தது என்பது என் எண்ணம். கேன்வாஸில் தூரிகையால் வரைந்தபோதுகூட அவர் அச்சுக்காரராகத்தான் யோசித்திருக்கிறார்.

குடும்பம், முகாம்

தோக்கு 1912-ல் புகைப்பட மணப்பெண்ணாக சியாட்டிலுக்கு வந்தவர். மாப்பிள்ளையும் பெண்ணும் படத்தை மட்டும் பார்த்து சம்மதித்து, பிறகு துறைமுகத்தில் நேரில் சந்தித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. தாதிப் பயிற்சி பெற்றிருந்தார். சியாட்டிலின் ஜப்பானியக் குடும்பங்களுக்கு மருத்துவச்சியாகி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் பார்த்தார். கடல் பயணத்தில் தொடங்கிய நாட்குறிப்பை 1968-ல் இறக்கும்வரை எழுதிவந்தார். அத்தனை வருடம் அந்த நாட்டில் வாழ்ந்தும் 1952 வரை அவர் தலைமுறைக்குக் குடியுரிமை கேட்கும் உரிமையே கிடையாது. "எதிரிகளாகிவிட்ட நமக்கு" என்று அவர் எழுதியது சட்டப்படி சரியான வாசகம்.

பேரன் ரோஜர் 1939 ஜூனில் பிறந்தார். 1942 பிப்ரவரி 19 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ம் எண் ஆணையின் பேரில், மேற்குக் கடற்கரையிலிருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வெளியேற்றப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். சியாட்டில் குடும்பங்களை முதலில் பக்கத்திலிருந்த புயாலப் ஊரின் பொருட்காட்சி மைதானத்தில் அடைத்தார்கள். குதிரைப் பந்தயப் பாதை, பார்வையாளர் அரங்கு, ரோலர் கோஸ்டர் எல்லாம் இருந்த திருவிழாத் திடல் அது. சுற்றி முள்வேலி போட்டு, "ஹார்மனி முகாம்" என்று பெயர் வேறு வைத்தார்கள். ரோஜர் தன் வாழ்க்கையின் முதல் நினைவாகச் சொல்வது, அங்கே கொண்டாடிய மூன்றாவது பிறந்தநாளைத்தான்.

அப்புறம் அந்தக் கோடையின் கடைசியில் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா. புழுதிக் காற்றும் சேஜ் புதரும் மட்டுமே இருந்த சுமார் 33,000 ஏக்கர் வெளி. தார்க்காகிதம் போர்த்திய நீளமான கொட்டகைகள், ஒவ்வொன்றையும் தடுத்து ஆறு அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், ஒரு நிலக்கரி அடுப்பு, ஒரு பல்பு. கழிப்பறையும் சாப்பாடும் பொது. ஒரே சமயத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். முகாம் 1945 அக்டோபரில் மூடப்பட்டது.

முகாம் மூடிய பிறகு நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். நிலத்தைப் போர்வீரர்களுக்கு விவசாயத்துக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கொட்டகைகளைப் பெயர்த்து விற்றார்கள், சில மாட்டுத் தொழுவமாகவும் களஞ்சியமாகவும் ஆயின. ஆக, போய்ப் பார்க்க இடமே மிஞ்சவில்லை. புகைப்படங்களும் குறைவு. போர் தொடங்கியதுமே ஜப்பானியர்களின் கேமராக்களை அரசு பறிமுதல் செய்துவிட்டது, கிடைப்பவற்றில் பெரும்பகுதி அரசுப் புகைப்படக்காரர்கள் எடுத்தவை. அவர்களில் ஒருவரான டோரதியா லாங்கின் படங்களைப் போர் முடியும்வரை வெளியே விடாமல் ராணுவம் முடக்கி வைத்தது. ஆள் திரும்பி வந்த பிறகும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தலைமுறையினர் பிள்ளைகளிடம் முகாம் பற்றிப் பேசாமலே பல வருடங்கள் ஓட்டினார்கள். இடமும் இல்லை, படமும் இல்லை, பேச்சும் இல்லை என்ற நிலையில்தான் பாட்டியின் நாட்குறிப்பு பேரன் கைக்கு வந்தது. அதிலும் ஒரு தடங்கல். ஜப்பானிய எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆள் வைத்து மொழிபெயர்த்துத்தான் தன் பாட்டியை அவர் தெரிந்துகொண்டார்.

கான்சஸ் விவசாயி கேட்ட கேள்வி

ஷிமோமுராவை ஜப்பானியப் பாணிக்குத் திருப்பியது பரம்பரைப் பாசம் என்று நினைத்தால் தப்பு. 1969-ல் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பிக்கச் சேர்ந்தார். 2004 வரை அங்கேதான் இருந்தார். சேர்ந்த புதிதில் ஓர் ஏல விற்பனைக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு விவசாயி, இவ்வளவு நன்றாக இங்கிலீஷ் பேசுகிறாயே, எங்கே கற்றுக்கொண்டாய், என்ன தொழில் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கிமோனோ கட்டிய பெண்களை வரைவாயோ என்று கேட்டிருக்கிறார். ஷிமோமுரா சியாட்டிலில் பிறந்தவர். அமெரிக்க ராணுவத்தில் அதிகாரியாகக் கொரியாவில் இருந்துவிட்டு வந்தவர். படித்ததும் வளர்ந்ததும் காமிக்ஸும், விளம்பரம் போன்ற வெகுஜனப் படங்களை எடுத்தாளும் பாப் கலையும். ஜப்பானிய அச்சுகளைப் பற்றி அந்த விவசாயிக்குத் தெரிந்ததைவிட அவருக்கு ரொம்ப அதிகமாகத் தெரிந்திருக்கவில்லை.

சரி, அதையே கேட்கிறீர்களா, இந்தாருங்கள் என்று, உகியோ-எ எனப்படும் பழைய ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களின் புத்தகம் ஒன்றைப் பார்த்து வரையத் தொடங்கினார். 1970-களின் தொடக்கத்தில் வந்த அந்த வரிசைக்கு "ஓரியண்டல் மாஸ்டர்பிரின்ட்" என்று நக்கலாகப் பெயரும் வைத்தார். குத்தலில் பிறந்த பாணி அது. ஆனால் அவர் கைக்கு ரொம்பப் பொருந்திவிட்டது. ஏன் பொருந்தியது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு.

உகியோ-எ இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கிறது. அன்றைய எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், அது கடைச் சரக்கு. ஓவியர் வரைவார், செதுக்குபவர் பலகையில் வெட்டுவார், அச்சடிப்பவர் தாளில் எடுப்பார், வெளியீட்டாளர் விற்பார். காபுகி நாடக நடிகர்கள், அழகிகள், மல்யுத்த வீரர்கள், சுற்றுலாத் தலங்கள் என்று சாதாரண நகரவாசி காசு கொடுத்து வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் படங்கள். கருப்புக் கோட்டுக்கு முதலில் ஒரு பலகை, அப்புறம் நிறத்துக்கு ஒரு பலகை. மலிவு காகிதத்தில் அச்சான அமெரிக்க காமிக்ஸும் இதே வழிதான்: கருப்புக் கோடு, அதற்குள் தட்டை நிறங்கள். ஆக, உகியோ-எ ஓவியர் உதமாரோவின் பெண்ணையும் சூப்பர்மேனையும் ஒரே தாளில் சேர்த்தபோது கிழக்கும் மேற்கும் மோதவில்லை. இரண்டு ஊர் அச்சகங்களின் சரக்கு ஒன்றாகச் சேர்ந்தது. விவசாயி "உன் பாரம்பரியம்" என்று நினைத்துக் கேட்டது, பிறந்த இடத்தில் வெகுஜனக் கலை. அதை வெகுஜனக் கலையாகவே திருப்பிக் கொடுத்தார் ஷிமோமுரா.

கல்லச்சும் எண்ணிக்கையும்

ஷிமோமுராவின் அச்சுகளில் முக்கியமானவை லித்தோகிராஃப் முறையில் ஆனவை. நம் ஊரில் ஒரு காலத்தில் கல்லச்சு என்றோம். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிச் சரஸ்வதியையும் லட்சுமியையும் வீட்டுச் சுவர்களுக்குக் கொண்டுபோனது இதே முறையில்தான். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் இதன் அடிப்படை. வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லிலோ அலுமினியத் தகட்டிலோ கொழுப்புச் சேர்ந்த மையால் வரைந்து, ரசாயனத்தால் பதப்படுத்தி, ஈரம் தடவுவார்கள். மை உருளையை ஓட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு. ஒரே தாள் ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனியாக அச்சு இயந்திரத்துக்குள் போய்வர வேண்டும். ஒரு தடவை மயிரிழை விலகினாலும் கருப்புக் கோட்டுக்கு வெளியே நிறம் பிதுங்கி நிற்கும், தாளைத் தூக்கிப்போட வேண்டியதுதான். தட்டை நிறம் பார்க்க எளிமையாக இருக்கும். அச்சடிப்பவர் உயிரை வாங்குவது அதுதான், ஏனென்றால் தவறை மறைக்க நிழலோ கரடுமுரடோ அதில் கிடையாது.

இது ஒருவர் செய்யும் வேலையும் இல்லை. கான்சஸில் 1979-ல் மைக் சிம்ஸ் தொடங்கிய லாரன்ஸ் லித்தோகிராஃபி பட்டறை ஷிமோமுராவின் பல அச்சு வரிசைகளைப் பதித்தது. 1992-ல் "யெல்லோ நோ சேம்" (மஞ்சள் எல்லாம் ஒன்றல்ல), 1999-ல் முகாம் காலத்துச் சிறுபிள்ளை நினைவுகளைக் கொண்ட பத்து அச்சுகள், 2005-ல் டோரதியா லாங்குக்குச் சமர்ப்பணமாக ஒரு வரிசை. முடக்கிவைத்த புகைப்படங்களுக்கு முகாமில் வளர்ந்த பிள்ளை அச்சில் பதில் சொன்ன அந்தக் கடைசி வரிசை எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடித்தது. "யெல்லோ நோ சேம்" வேறு விதமான குறும்பு. ஜப்பானிய அச்சுப் பாத்திரங்களையும் முகாமில் இருந்த அமெரிக்கர்களையும் முள்வேலியையும் ஒரே சட்டத்துக்குள் அடைத்துவிட்டு, இவர்களுக்குள் ஒற்றுமை எங்கே என்று நம்மைத் தேடவிடுகிறது. மஞ்சள் தோல் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணத்தில்தான் 1942-ல் எல்லோரையும் வண்டியில் ஏற்றினார்கள்.

"ஓர் அமெரிக்க நாட்குறிப்பு" என்ற 1997-ம் ஆண்டு வரிசை ஓவியம்தான், அச்சு அல்ல. பேர்ல் ஹார்பர் நாளிலிருந்து பாட்டியின் குறிப்புகளை எடுத்து, 30 சின்னச் சின்னப் படங்கள். ஆனால் ஒரே அளவு, ஒரே கோட்டழுத்தம், குறிப்புக்கு ஒரு படம் என்று அச்சு வரிசைபோலவே அடுக்கியிருக்கிறார். முதல் குறிப்பில் பாட்டி மாதாகோவிலுக்குப் போய்விட்டு வந்து, கனவுபோன்ற அந்தச் செய்தியைக் கேட்கிறார். பிறகு மூட்டை கட்டுதல், தடுப்பூசி, பயணம், தூசி, சாப்பாடு என்று நாட்கள் நகர்கின்றன. பாட்டி புலம்புகிறவர் இல்லை. படங்களும் புலம்பவில்லை. பளிச்சென்ற நிறத்தில் முள்வேலி அழகாக இருக்கிறது, அந்த அழகுதான் தொந்தரவு செய்கிறது.

எது பொதுக்கலை?

ஷிமோமுராவின் பொதுக்கலை என்று கேட்டால் பட்டியல்கள் சியாட்டிலின் வெஸ்ட்லேக் நிலையத்தைக் காட்டும். 1990 செப்டம்பரில் திறந்த நகர மையச் சுரங்கப்பாதையில் மூன்று கலைஞர்களுக்கு ஆளுக்கொரு நீண்ட சுவர் கொடுத்தார்கள். மற்ற இருவர் ஃபே ஜோன்ஸ், ஜீன் ஜென்ட்ரி மக்மேஹன். எஃகுத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைச் சூளையில் உருக்கி ஒட்டவைக்கும் எனாமல் வேலை. நிறம் மங்காது, கிறுக்கினால் துடைத்துவிடலாம். கோடும் தட்டை நிறமும் பழகிய கைக்கு அந்த ஊடகம் அந்நியமே இல்லை. தினமும் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் இடம்.

ஆனாலும் சமூக நினைவு என்ற கணக்கில் அந்தச் சுவர் செய்ததைவிட லித்தோகிராஃப்கள் அதிகம் செய்தன என்றே எனக்குப் படுகிறது. சுவர் ஒரே இடத்தில் நிற்கிறது. ரயிலுக்கு ஓடுபவர் அதைத் திரும்பிப் பார்க்கும் நேரம் சில நொடி. அச்சு பல பிரதிகளாகப் பிரிந்து, முகாமே இல்லாத ஊர்களின் பல்கலைக்கழகக் காட்சிக்கூடங்களுக்கும் சேகரிப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தது. கான்சஸ் மாணவன் ஒருவன் மினிடோகா என்ற பெயரை முதலில் கேட்டது இந்தத் தாள்களில் ஒன்றின் முன்னால் நின்றபோதாக இருக்கலாம். பொதுக்கலை என்றால் சதுக்கத்தில் சிலை, நிலையத்தில் சுவர் என்றே பழகிவிட்டோம். பல கைகளுக்குப் போகும் தாளும் பொதுவெளிதான்.

இதற்கு ஒரு காலப் பின்னணியும் உண்டு. தன் "மினிடோகா" வரிசையை ஷிமோமுரா 1978 வாக்கில் வரைந்தார். அதே ஆண்டு நவம்பர் 25 அன்று சியாட்டிலிலிருந்து ஒரு பெரிய கார் ஊர்வலம் புயாலப் மைதானத்துக்குப் போனது. இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். முதல் "நினைவு நாள்" அதுதான். அதுவரை வாயே திறக்காத பெரியவர்கள் அன்று பிள்ளைகளோடு அந்தத் திடலில் நின்றார்கள். அந்த மைதானத்தில் 1983-ல் ஜார்ஜ் சுதாகாவாவின் நினைவுச் சிற்பம் வைக்கப்பட்டது. 1988 ஆகஸ்ட் 10 அன்று ஜனாதிபதி ரீகன் கையெழுத்திட்ட சட்டம், முகாம்களில் அடைபட்டவர்களில் உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் மன்னிப்பும் 20,000 டாலரும் கொடுத்தது. மினிடோகா 2001-ல் தேசிய நினைவிடமானது, 2003 முதல் வருடந்தோறும் யாத்திரை நடக்கிறது. இவற்றில் எதையும் ஷிமோமுராவின் படங்கள் நடத்திக்காட்டின என்று சொன்னால் மிகை. மன்னிப்பும் இழப்பீடும் கேட்டு இயக்கம் நடத்தியவர்கள் வேறு ஆட்கள், பல வருடம் கடிதம் எழுதி, கூட்டம் போட்டு, சாட்சி சொன்னவர்கள். பேச்சு கிளம்பிய அதே பொழுதில், அந்தப் பேச்சுக்கு ஓர் உருவம் தேவைப்பட்ட நேரத்தில், அவருடைய படங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன.

இடறும் இடங்கள்

குறை இல்லாமல் இல்லை. முகாமில் இருந்தபோது ரோஜருக்கு வயது மூன்று முதல் ஐந்து. அவர் வரைவதில் எது நேரில் கண்டது, எது பாட்டி எழுதியது, எது அரசுப் புகைப்படத்திலிருந்து வந்தது என்று பல இடங்களில் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே கருப்புக் கோட்டுக்குள் ஒரே நிச்சயத்தோடு நிற்கின்றன. நாட்குறிப்பு வரிசையில் தேதி கூடவே வருவதால் அந்தச் சிக்கல் குறைவு. தேதியில்லாத படங்களில் எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

அடுத்தது கேலிச்சித்திரங்கள். போர்க்காலத்து அமெரிக்கா ஜப்பானியர்களை வரைந்த விதம், அதாவது பிதுங்கிய பல், சாய்ந்த கண், மஞ்சள் முகம், இவருடைய பிற்காலப் படங்களில் முழு வேகத்தோடு திரும்பி வருகிறது. அதைச் சாடத்தான் வரைகிறார். ஆனால் நிறம் பளிச்சென்று, வரைவு கச்சிதமாக இருக்கும்போது, விஷயம் தெரியாத கண்ணுக்கு அது வெறும் வேடிக்கைப் படமாகவே நின்றுவிடலாம். 2010-ல் வரைந்த ஓவியத்தில் இந்த ஆபத்தை அழகாகக் கடந்திருக்கிறார். டெலவேர் ஆற்றைக் கடக்கும் ஜார்ஜ் வாஷிங்டனின் புகழ்பெற்ற 1851-ம் ஆண்டு ஓவியத்தை எடுத்து, வாஷிங்டன் நிற்கும் இடத்தில் தானே நின்றுகொண்டார். படகில் ஜப்பானிய அச்சுகளிலிருந்து வந்த வீரர்கள், சுற்றிலும் ஜப்பானிய அச்சுக் கலைஞர் ஹொக்குசாய் பாணி அலைகள். அங்கே கேலிக்கு ஆளாவது ஜப்பானிய முகம் இல்லை, அமெரிக்கப் பெருமிதம். வாஷிங்டனில் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தில், ஜனாதிபதிகளின் படங்கள் இருக்கும் அதே கட்டடத்தில் அது இருக்கிறது.

கேலிப்பொருள்களைப் பொறுத்தவரை அவர் இன்னொரு காரியமும் செய்தார். ஆசிய முகங்களைக் கிண்டல் செய்யும் முகமூடிகள், உப்பு மிளகுக் குடுவைகள், போர்க்காலத்து வெறுப்புச் சின்னங்கள் என்று பல வருடங்களாகக் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்தார். படங்களுக்கு மூலம் எங்கே என்று கேட்பவருக்கு அந்தப் பொருள்களே பதில். அந்தச் சேகரிப்பை சியாட்டிலின் விங் லூக் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். பாட்டி மருத்துவப் பையோடு வீடு வீடாக நடந்த ஜப்பானியத் தெருக்கள் அந்த அருங்காட்சியகத்தைச் சுற்றித்தான் இருந்தன.